மில்லுக்காரனின் இடது காது

மில்லுக்காரனுக்குக் கேட்கிற காது ஒன்றுதான், வலது. பதினோரு வருடமாக அது எனக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது.

இடது காதை மில் தின்றுவிட்டது. அரவை இயந்திரம் அவனுக்கு இடப்பக்கம். முப்பது வருடம் ஒரே இடத்தில் நின்று, வந்து விழும் மாவை விரலால் நசுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்ததில், அந்தக் காது எந்தத் தேதியில் வேலையை விட்டது என்று அவனுக்கே தெரியாது. இடப்பக்கம் நின்று தீப்பிடித்துவிட்டது என்று கத்தினாலும், புருவத்து மாவைத் துடைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்பான்.

அவன் மில்லுக்கு எதிர்ச்சாரியில் என் பிரேம் கடை. ஊரில் யார் எதற்காகத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டாலும், அதைச் சுற்றி நாலு கட்டையும் முன்னால் ஒரு கண்ணாடியும் போட்டுக் கொடுப்பது என் தொழில். பட்டம், சான்றிதழ், கோப்பை வாங்கும் படம், கோப்பை வாங்குகிறவருக்குப் பக்கத்தில் நின்ற படம், எல்லாம் வரும். எவ்வளவு சின்ன விஷயமோ அவ்வளவு அகலமாகப் பார்டர் கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. பிரேம் போடுகிறவன் எல்லாவற்றையும் படிப்பான், எதையும் வெளியே சொல்ல மாட்டான். எங்கள் தொழிலில் மரியாதை என்று மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

சாயங்காலம் ஐந்தரைக்கு அவன் மில்லை நிறுத்துவான், நான் ஷட்டரை இறக்குவேன். படகுத்துறையில் ஆரம்பித்து, கடலோரப் பாதையில், கருங்கல் கொட்டிய அலைத்தடுப்பு வரை நடை. போகும்போது கடல் இடப்பக்கம், சாலை வலப்பக்கம். நான் எப்போதும் அவனுக்கு வலப்பக்கம். ஆகையால் போகும்போது சைக்கிள்காரர்களின் கைப்பிடி என் முழங்கையில் இடிக்கும், வரும்போது கடல்காற்று எனக்கு. தடுப்பு வந்து திரும்பும்போது, அவன் நின்ற இடத்திலேயே திரும்ப, நான் அவன் முதுகுப்பக்கமாக ஒரு அரைவட்டம் போட்டு மறுபடி வலது காதுக்கு வந்து சேருவேன். இப்படிப் பதினோரு வருடம். கல்யாணத்தில் அக்கினியைச் சுற்றியதைவிட இவனைத்தான் அதிகம் சுற்றியிருக்கிறேன்.

சூரியன் விழுவதையெல்லாம் நாங்கள் கவனிப்பதில்லை. அது பாட்டுக்கு அது விழும். நாங்கள் பாட்டுக்கு நாங்கள் பேசுவோம்.

போன மாதம் ஒருவர் வந்து சேர்ந்தார்.

வெள்ளை ஷூ, இஸ்திரி போட்ட வெள்ளை அரைக்கால் சட்டை, மணிக்கட்டில் சின்னத் தட்டு அளவுக்கு ஒரு கடிகாரம். கப்பலில் இருந்தாராம், ஓய்வு பெற்று மகன் வீட்டுக்கு வந்திருக்கிறாராம். முதல் நாளே அவருக்குக் கேப்டன் என்று பெயர் விழுந்துவிட்டது. யார் வைத்தது என்பது இப்போது அவசியமில்லை.

"நண்பரே, கொஞ்சம் நில்லுங்க," என்றார் கேப்டன் அன்று, மில்லுக்காரனிடம். என்னிடம் இல்லை. "அதோ, சூரியன் தண்ணியத் தொடுதா? தொடல. அது கீழ போயாச்சு. ஏற்கெனவே போயாச்சு! நாம பாக்குறது வெறும் பிம்பம். காத்து ஒளிய வளைச்சுக் காட்டுது."

மில்லுக்காரன் வாயைப் பிளந்தான். "போயாச்சா?"

"போயி ரெண்டு நிமிஷமாச்சு."

"அடேயப்பா! யோவ் பிரேமு, போயாச்சாம்யா!"

நான் சூரியனைப் பார்த்தேன். அது அங்கேயேதான் இருந்தது. இல்லாத ஒன்றைக் காட்டி ஒரு மனுஷனை வாய் பிளக்க வைக்கும் வித்தை என் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர்களை நான் கடையோடு நிறுத்திவிடுவேன்.

மறுநாள் படகுத்துறையில் எனக்கு முன்னாலேயே கேப்டன் வந்து மில்லுக்காரனின் வலப்பக்கம் நின்றிருந்தார். நான் சிறிது நேரம் பின்னால் நின்று பார்த்தேன். விலகுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பெரிய அலை, சின்ன அலை என்று வகை பிரிக்கத் தொடங்கிவிட்டார். மில்லுக்காரன் என்னைத் திரும்பிப் பார்த்து, தலையை இடப்பக்கமாக ஆட்டி, "இந்தப் பக்கம் வாயா," என்றான்.

இந்தப் பக்கம்! செவிட்டுப் பக்கம்!

ஒரு ஆளை வீட்டைவிட்டு வெளியே போ என்று சொல்வதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நான் இடப்பக்கம் போனேன். தடுப்பில் திரும்பும்போது, என்னுடைய அரைவட்டத்தை, இம்மியும் பிசகாமல், கேப்டன் போட்டார்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி பல் மருத்துவரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க வாயைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பழகியதால் அவளுக்கு இரக்கம் கொஞ்சம் குறைவு.

"ஆக, சக்களத்தி வந்தாச்சுன்னு சொல்லுங்க," என்றாள்.

"அந்த ஆளு ஒரு புளுகன்டி."

"சக்களத்தி எப்பவும் அப்படித்தான் தெரிவா. பாக்க லட்சணமா இருக்காளா?"

"வெள்ளை ஷூ போட்டிருக்கான்."

"அப்ப கஷ்டந்தான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சிரித்தாள். சிரித்துப் பல் சுளுக்கினாலும் அவளுக்குக் கவலை இல்லை, மருத்துவர் பக்கத்திலேயே இருக்கிறார்.

இரண்டு வாரம் கழித்து ஆண்டவன் கண்ணைத் திறந்தான். கேப்டன் என் கடைக்கு வந்தார். கையில் நீளக் குழாய். அதற்குள் சுருட்டின ஒரு சான்றிதழ்.

"பிரேம் சார், இத நல்லா போட்டுக் குடுங்க. மகன் வீட்டு ஹால்ல மாட்டணும்கிறான். தங்கக் கலர் இருக்கா?"

"இருக்கு. எவ்வளவு அகலம்?"

"உங்களுக்கு எது சரின்னு படுதோ, போடுங்க."

அவர் போனதும் விரித்துப் படித்தேன். இருபத்தெட்டு வருட நேர்மையான சேவையைப் பாராட்டி, கப்பல் கம்பெனி, தனது சரக்கறை உதவியாளருக்கு வழங்கியது. சரக்கறை உதவியாளர்! அதாவது கப்பல் சமையல்காரர் எத்தனை வெங்காயம் கேட்கிறாரோ அத்தனை வெங்காயத்தை எடுத்துக் கொடுத்தவர். இருபத்தெட்டு வருடமும் கடலைப் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். சரக்கறைக்கு ஜன்னல் ஏது?

அன்று நான் பிரேம் போட்ட அழகைப் பார்த்திருக்க வேண்டும். நாலு மூலையும் மயிரிழை இடைவெளி இல்லாமல் சேர்ந்தன. சந்தோஷத்தில் கை அவ்வளவு சுத்தமாக வேலை செய்யும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஆனால் தொழில் தர்மம் ஒன்று இருக்கிறதே. படித்ததை வெளியே சொல்லக் கூடாது. சொல்லாமல் மூன்று நாள் இருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம், கேப்டன் வலப்பக்கம் திசைகாட்டி பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது, எனக்கு ஒரு ஞானம் உதித்தது. செவிட்டுக் காதில் சொன்னால் அது சொன்னதாகுமா? ஆகாது. கிணற்றுக்குள் பேசுகிற மாதிரிதான். தர்மமும் கெடாது, என் வயிற்றெரிச்சலும் அடங்கும்.

மில்லுக்காரனின் இடது காதுக்குப் பக்கத்தில், உதடு அதிகம் அசையாமல், மெதுவாகச் சொன்னேன்: "வெங்காயம் எண்ணினவன்யா இவன்."

மில்லுக்காரன் நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தான். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

அதற்குப் பிறகு என்னை நிறுத்த முடியவில்லை. தினமும் படகுத்துறையிலிருந்து தடுப்பு வரை, தடுப்பிலிருந்து படகுத்துறை வரை, அந்தக் காதில் கொட்டினேன். கேப்டனின் ஷூ, கேப்டனின் கடிகாரம், கேப்டன் மூக்கைச் சிந்தும் முறை என ஒன்றையும் விடவில்லை. கேப்டன் தீர்ந்ததும் மில்லுக்காரனைப் பிடித்தேன்.

"வாயைப் பிளக்காதய்யா, மாவு மூட்டை. ஈ போகும்."

"பதினோரு வருஷமா நான் பேசினப்ப ஒரு நாளாவது 'அடேயப்பா' சொன்னியா?"

"மழை பெய்ஞ்சாலும் அஞ்சரைக்கு ஷட்டர இறக்குறேன். யாருக்காக இறக்குறேன்? கடலுக்காகவா?"

பெல்ட் கதையையும் சொன்னேன். அது மில்லுக்காரனின் சொத்து. பதினோரு வருடத்துக்கு முன் மில்லின் பெரிய பெல்ட் அறுந்து, மேல் ஜன்னல் வழியாகப் பறந்து, தெருவைத் தாண்டி, என் கடை வாசலில் வைத்திருந்த ஒரு படத்தின் மேல் விழுந்தது. எங்கள் பழக்கம் தொடங்கியதே அப்படித்தான். புதிதாக யாரைப் பார்த்தாலும் அவன் அந்தக் கதையைச் சொல்லுவான். ஆரம்ப காலத்தில் கதையில் எனக்கு நல்ல இடம் இருந்தது. வருடம் ஆக ஆக, பெல்ட் நீண்டுகொண்டே போயிற்று, நான் சுருங்கிக்கொண்டே போனேன். கடைசியாக அவன் சொன்னபோது, "எதுத்தாப்புல ஒரு கடை, கண்ணாடி ஒடைஞ்சு போச்சு," என்று முடித்துவிட்டான். ஒரு கடையாம்!

"அந்தப் பெல்ட் கதைய நானூறு தடவ கேட்டாச்சு," என்றேன் இடது காதில். "நானூறு தடவையும் சிரிச்சிருக்கேன். இந்த வெங்காயத்துக்கிட்டயும் சொல்லிடாத. அதுல மிச்சம் இருக்குற நானும் காணாமப் போயிடுவேன்."

அதற்கு மறுநாள் ஒரு அதிசயம். கேப்டன் ஏதோ கப்பல் கயிறு அறுந்ததைப் பற்றிச் சொல்ல, மில்லுக்காரன் உற்சாகமாக, "எங்க மில்லுலயும் ஒரு தடவ பெல்ட்டு..." என்று ஆரம்பித்தான். ஆரம்பித்தவன் சட்டென்று நிறுத்தி, "சரி விடுங்க, அது பழைய கதை," என்றான். பதினோரு வருடத்தில் அவன் அந்தக் கதையைப் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. பார், அந்த ஆள் இவனுக்குத் தன் கதையே மறக்கிற அளவுக்குப் பித்துப் பிடிக்க வைத்துவிட்டான் என்று நினைத்து, அன்று ராத்திரி எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. என் மனைவி மில்லுக்குப் போய்விட்டு வந்து சொன்னாள்:

"உங்க ஆளுக்கு இன்னிக்குக் கத்தாமலே கேட்டுது. பின்னாலேர்ந்து கூப்பிட்டேன், டக்குனு திரும்பினாரு."

"மெஷின் நின்னிருக்கும்."

"ஓடிட்டுத்தான் இருந்துது."

"அப்ப உன் குரல் அப்படி," என்றேன். இரண்டு நாள் அவள் என்னிடம் பேசவில்லை. நானும் கவனிக்கவில்லை. எனக்கு என் கவலை.

நேற்று சாயங்காலம் கேப்டன் உச்சத்தில் இருந்தார். வானத்தில் மேகமே இல்லை. பாதி ஊர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து செல்போனில் சூரியனைப் பிடித்துக்கொண்டிருந்தது. கேப்டன் தட்டுக் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் பதினெட்டு நிமிஷம் இருபது செகண்டு," என்று அறிவித்தார், சூரியன் அவருடைய அனுமதிக்காகக் காத்திருக்கிற மாதிரி. மில்லுக்காரன் வலது காதை அவர் பக்கம் சாய்த்து, குருவி தலையைச் சாய்க்கிற மாதிரி கேட்டுக்கொண்டு வந்தான். அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். எதிரே கண்ணாடியில் பார்ப்பதுபோல எனக்குத் தெரியும். அது என் பக்கமாகச் சாய்ந்த தலை.

போதும் என்று தோன்றியது. வேண்டாத மூன்றாவது ஆளாக, காதில்லாத பக்கம் நடப்பதைவிட வீட்டில் உட்கார்ந்து மனைவியிடம் திட்டு வாங்கலாம்.

"நாளைலேர்ந்து நான் வரல," என்றேன் இடது காதில். "கால் வலின்னு சொல்லிடப்போறேன்."

"எந்தக் கால்?" என்றான் மில்லுக்காரன்.

நான் இன்னும் இரண்டு அடி நடந்தேன். அதற்குப் பிறகுதான் என் கால்களுக்கு விஷயம் புரிந்தது. நின்றுவிட்டேன்.

அவனும் நின்றான். கேப்டன் மட்டும், யாரும் கேட்காததைக் கவனிக்காமல், ஒளி வளைவதை விளக்கிக்கொண்டே பத்துப் பதினைந்து அடி முன்னால் போய்விட்டார்.

"என்னது?" என்றேன்.

"கால் வலின்னியே. எந்தக் கால்? முன்னாடியே முடிவு பண்ணி வெச்சுக்க. நாளைக்கு ஒரு காலும் மறுநாள் ஒரு காலும் நொண்டினா மாட்டிக்குவ."

தலையைத் திருப்பி, இடது காதை எனக்குக் காட்டினான். உள்ளே, பயறு அளவுக்கு, தோல் நிறத்தில் என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"காது மெஷினு," என்றான். "கேப்டனோட மருமகப் பொண்ணு வெச்சு விட்டுது. அதுக்கு அதான் தொழிலு. பதினஞ்சு நாள் போட்டுப் பாருங்க, ஒத்துக்கலன்னா திருப்பிக் குடுத்துடுங்கன்னு சொல்லியிருக்கு."

"எப்ப வெச்சது?"

"பத்து நாளாச்சு."

நான் மனதுக்குள் பத்து நாளைப் பின்னோக்கி எண்ணினேன். வெங்காயத்தில் போய் நின்றது.

"எல்லாம் கேட்டுச்சா?"

"மாவு மூட்டைங்கிறது கேட்டுச்சு. ஈ போகும்னது கேட்டுச்சு. கேப்டன் மூக்கு சிந்துறத நீ செஞ்சு காட்டினதுதான் சரியாப் புரியல, அது சத்தமா வந்துச்சு, நான் மெஷினு ரிப்பேருன்னு நெனச்சேன்."

"ஏன்யா சொல்லல?"

"மொத நாளு சொல்லலாம்னுதான் ஆசையா வந்தேன். இந்தக் காதுல மொதல்ல கேக்குறது உன் குரலா இருக்கட்டும்னு நெனச்சேன்யா. நீ வாயத் தொறந்த. 'வெங்காயம் எண்ணினவன்'னு சொன்ன." பெருமூச்சு விட்டான். "அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? அதோட, பொய் சொல்லுவானேன், சுவாரசியமாவும் இருந்துச்சு."

எனக்குத் தற்காப்புக்கு ஒரே ஒரு ஆயுதம் மிச்சமிருந்தது. அதை எடுத்தேன்.

"நான் சொன்னது பொய்யில்ல. கேப்டனும் இல்ல, ஒண்ணும் இல்ல. சான்றிதழ நானே படிச்சேன். சரக்கறையில எடுபிடி."

"தெரியுமே. மொத நாளே சொல்லிட்டாரு. வெங்காயம் மட்டும் இல்ல, உருளைக்கெழங்கும் அவர் பொறுப்புதான். ஒரு தடவ முந்நூறு மூட்டை மொளச்சுப் போயி, எல்லாத்தையும் கடல்ல கொட்டிட்டு அழுதாராம்."

"அப்புறம் எதுக்குக் கேப்டன்னு..."

"யோவ், அந்தப் பேர வெச்சதே நீதான்யா! படகுத்துறையில வெச்சு, 'வாங்க கேப்டன்'னு நக்கலாச் சொன்ன. பாவம், அந்த மனுஷன் அத மரியாதைன்னு நெனச்சுக்கிட்டாரு. யாரும் அவர இதுக்கு முன்னாடி அப்படிக் கூப்பிட்டதில்லையாம். எப்படி மறுக்குறதுன்னு எங்கிட்டக் கேட்டாரு. நான்தான் இருந்துட்டுப் போகட்டும்னு சொன்னேன்."

இருபது வருடமாக மற்றவர்களின் பெருமைக்குப் பார்டர் போட்டவன் நான். ஒரு மனுஷனுக்குப் பெருமையையே நான்தான் செய்து கொடுத்துவிட்டு, அதைப் பார்த்து ஒரு மாதம் வெந்திருக்கிறேன்.

"சரி," என்றேன். "வலப்பக்கம் அவருக்கு எதுக்குக் குடுத்த?"

"அவரு புதுசு. மெல்லப் பேசுற ஆளு. நீ பழகினவன், எங்க நின்னாலும் கத்துவ," என்றான். "பாத்தேன், நீ கத்தல. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்ட. ஒரு பக்கம் ஒருத்தர், இன்னொரு பக்கம் ஒருத்தர், நான் ஒருத்தருக்குத்தான் காது குடுக்க முடியுது. கேப்டன்கிட்டச் சொன்னேன். அவருதான் மருமகப் பொண்ணுகிட்டக் கூட்டிட்டுப் போனாரு. இந்தப் பக்கமும் கேக்கணும்னுதான் மெஷினு போட்டேன். இந்தப் பக்கம் யாரு நடக்குறாங்க? கடலா?"

நான் கடலைப் பார்த்தேன்.

"ஒண்ணு கேக்குறேன்," என்றான். "அவரு என்னப் பாத்த ரெண்டாவது நாளே, 'காதக் காட்டலாமே'ன்னாரு. பதினோரு வருஷமா என்கூட நடக்குற. நீ ஒரு தடவ சொல்லியிருக்கியா?"

சொன்னதில்லை. ஏன் சொன்னதில்லை என்று நான் யோசிக்கவே தேவையில்லை, பதில் வரிசையில் முதல் ஆளாக வந்து நின்றது. அவனிடம் ஒரே ஒரு காது இருந்தது, அது என்னிடம் இருந்தது. இன்னொரு காது வந்தால் இன்னொரு ஆள் வருவான். இது அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் பதிலுக்குக் காத்திராமல், காதிலிருந்து அந்தப் பயறைப் பிடுங்கி, சின்ன டப்பாவில் போட்டு மூடி, என் கையில் வைத்தான்.

"பிடி. என் பாக்கெட் பூரா மாவு, மெஷினு கெட்டுரும். நீ வெச்சுக்க."

"எதுக்குக் கழட்டுற?"

அவன் காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று தலையாட்டினான். "பத்து நாளு நீ பேசினத நான் கேட்டேன். இப்ப நான் பேசப்போறேன். குறுக்க பேசினா எனக்குக் கேக்காது. பேசாம வா."

விறுவிறுவென்று நடந்து கேப்டனை எட்டிப் பிடித்தான். நான் பின்னாலேயே ஓடி, பழக்க தோஷத்தில், இடப்பக்கமே போய்ச் சேர்ந்தேன்.

"கேப்டன்! சூரியன் கெடக்கட்டும். எங்க மில்லுல ஒரு தடவ பெல்ட்டு அறுந்துச்சு."

"நண்பரே, இன்னும் எட்டு நிமிஷந்தான்..."

"நீங்கதானே சொன்னீங்க, அது ஏற்கெனவே போயாச்சுன்னு? போனதப் பாத்து என்ன பண்றது? இதக் கேளுங்க."

நானூற்று ஒன்றாவது தடவையாகப் பெல்ட் அறுந்தது. நாற்பது அடி நீளத்துக்கு வளர்ந்திருந்தது. ஜன்னலைத் தாண்டியது, தெருவைத் தாண்டியது. நான் பற்களைக் கடித்துக்கொண்டு 'ஒரு கடை'க்காகக் காத்திருந்தேன்.

"நான் ஓடுறேன். உடம்பெல்லாம் மாவு. கண்ணு மட்டுந்தான் தெரியுது. எதுத்தாப்புல இந்த ஆளு கடை," என்று இடது கையால் என் தோளில் ஓங்கி அடித்தான். "வாசல்ல ஒரு பேங்கு மேனேஜரோட படம், ஆள் ஒசரத்துக்கு. கண்ணாடி தூள். படத்து மூஞ்சிக்குக் குறுக்க பெல்ட்டுத் தடம். சரி, அடி விழப்போகுதுன்னு நெனச்சு நிக்குறேன். இவன் வெளிய வந்தான். படத்தப் பாத்தான், என்னப் பாத்தான். மறுபடி படத்தப் பாத்தான். 'இந்த ஆளு மூஞ்சிக்கு இப்பதான்யா ஒரு களை வந்திருக்கு'ன்னான்!"

கேப்டன் நடுப்பாதையில் நின்றுவிட்டார். சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது. அவ்வளவு நல்ல சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த இடத்துக்கு நானே அப்படிச் சிரித்ததில்லை.

"அப்புறம், 'வாய்யா, கடல்ல மூஞ்சி கழுவிட்டு வரலாம்'னு சொல்லி ஷட்டர இறக்கினான். அன்னிக்கு அஞ்சரை மணி. அதுலேர்ந்துதான் நடக்குறோம்."

இதை அவன் கதையில் ஒருநாளும் சொன்னதில்லை. கடலில் முகம் கழுவியது அவனுக்கு நினைவிருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

கேப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனைத் தாண்டி என்னைப் பார்த்துக் கேட்டார்: "அந்த மேனேஜர் படம் என்ன ஆச்சு, பிரேம் சார்?"

நானூறு தடவையில் ஒரு தடவைகூட யாரும் கேட்காத கேள்வி. மில்லுக்காரனும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்று எனக்கும் பட்டதில்லை. நல்ல கேள்வி அது. அது அந்த ஆளுக்குத் தோன்றிவிட்டதே என்று ஒரு நிமிடம் எரிச்சலாகக்கூட இருந்தது.

"கண்ணாடி மட்டும் மாத்தினேன்," என்றேன். "பெல்ட்டுத் தடம் மேலுதட்டுல விழுந்திருந்துச்சு, மீசை மாதிரி. வந்து பாத்தாரு. 'கம்பீரமா வந்திருக்கு'ன்னு சொல்லி வாங்கிட்டுப் போனாரு. அடுத்த மாசம் நேர்ல பாக்குறேன், நெசமாவே மீசை வளத்திருக்காரு."

கேப்டன் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். நடுவில் மில்லுக்காரன், என் முகத்தையும் அவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"என்ன? என்னய்யா சொன்ன? ரெண்டு பேரும் எதுக்குச் சிரிக்கிறீங்க?"

அவன் முகத்தில் இருந்ததை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதமாகக் காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்துவருகிறேன். அதை இன்னொருத்தன் முகத்தில் பார்ப்பது இவ்வளவு இதமாக இருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

அலைத்தடுப்பு வந்துவிட்டது. கேப்டன் சட்டென்று கடிகாரத்தைப் பார்த்து, கடலைப் பார்த்து, தலையில் கை வைத்தார். சூரியன் போய்விட்டிருந்தது. பிம்பமும் போய்விட்டிருந்தது. தண்ணீரில் கொஞ்சம் சிவப்பு மட்டும் மிச்சமிருந்தது. ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவரை விட்டுவிட்டு அது தானாகவே விழுந்திருக்கிறது. அந்தப் பதற்றத்தில் அவர் அரைவட்டம் போட மறந்து, நின்ற இடத்திலேயே திரும்பினார். நாங்களும் திரும்பினோம்.

நான் வலப்பக்கம் வந்திருந்தேன்.

கடல்காற்று எனக்கு. கேப்டன் சாலைப்பக்கம், இடது காதை நோக்கி, "பரவால்ல நண்பரே, நாளைக்கு ஒரு நிமிஷம் முன்னப் பின்ன..." என்று தொடங்கிவிட்டார். மில்லுக்காரன் அது எதுவும் காதில் விழாமல் என் பக்கம் தலையைச் சாய்த்தான், குருவி மாதிரி.

"இப்பச் சொல்லு. என்ன சொன்ன அவர்கிட்ட?"

மீசையைப் பற்றிச் சொன்னேன். "அடேயப்பா!" என்றான்.

அந்தப் பக்கம் கேப்டன் நாளைய நேரத்தைச் செகண்டு சுத்தமாக யாருக்கோ விளக்கிக்கொண்டு வந்தார். என் சட்டைப் பைக்குள் டப்பா இருந்தது. நடக்க நடக்க, உள்ளே அந்தப் பயறு லொடலொடவென்று ஆடியது. அது எனக்கு மட்டும் கேட்டது.

கொடுத்துவிட வேண்டியதுதான். நியாயம் அதுதான், எனக்குத் தெரியாதா? அதோ, அந்த விளக்குக் கம்பம் வந்ததும் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

கம்பம் வந்தது.

அதற்கடுத்த கம்பம்.